முன்னால் போனது உன் கார்

மச்சான், நேற்று உன் மனைவி, விற்பதற்கு முன் உன் காரைத் துடைத்துத் தரச் சொன்னார். முன் இருக்கைக்கு எதிரே இருக்கும் சின்னத் தட்டைத் திறந்தால் ஒரு பை நிறைய பிளாஸ்டிக் குழாய்கள். குடிக்கவில்லை என்று ஊதிக் காட்டினால்தான் காரை ஓட விடுமே, அந்தப் பெட்டிக்கானவை. பெட்டியைக் கழற்றி நாளாகிவிட்டது, குழாய்களை மட்டும் நீ எறியவில்லை. ஒன்றை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். செத்தவனைப் பார்த்துப் பொறாமைப்படக் கூடாதுதான். ஆனாலும் படுகிறேன்.

ஒரு பிள்ளை பெரியவளானதற்கு நடந்த அந்தச் சாமத்திய வீடு நினைவிருக்கிறதா? மண்டபத்துக்குள் ஆரத்தி எடுக்க, நாங்கள் வழக்கம்போலக் கார் டிக்கியைத் திறந்து வைத்து மிக்சரும் போத்தலுமாக வெளியே நின்றோம். நீ மூன்று குடித்தாய், நான் நாலு. டென்மார்க்கில் எங்கள் ஊரான கிரின்ஸ்டெட்டுக்குத் திரும்ப இரவில் பஸ்ஸை நம்ப முடியுமா? இரண்டு பேரும் ஓட்டினோம். முன்னால் போனது உன் கார். பொலிஸ் உன்னை மறித்தது. நான் உன்னைப் பாராதவன்போலப் பக்கத்தால் போய்விட்டேன்.

மறியல்தான், சிறைக்குள் போட்டுவிடுவார்கள் என்று பயந்தாய். நீதிபதியோ அதை நிறுத்திவைத்து உன்னைச் சிகிச்சைக்கு அனுப்பினார். ஒரு வகுப்பு, பிறகு இந்தப் பெட்டி. ஊரெல்லாம் உன்னைப் பற்றிக் கதைத்தது. நானும் பாவம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து இன்னொன்று ஊற்றினேன்.

அடுத்த வருடம், அதுவரை உன்னோடு முகம் கொடுத்துப் பேசாத உன் மகள் காரில் உன் பக்கத்தில் இருந்து டேனிஷில் ஏதோ பகிடி சொல்லிச் சிரித்தாள். என் மகன் என் காரில் ஏறுவதில்லை. மழையிலும் சைக்கிள்தான். எனக்கு வயிறு எரிந்தது.

“உனக்கென்ன, உன்னைப் பொலிஸ் பிடிச்சுது” என்று ஒருநாள் சொல்லியும்விட்டேன்.

நீ சிரிக்கவில்லை. “அதுக்குப் பொலிஸ் வேணுமெண்டில்லை மச்சான். வா, நான் கூட்டிக்கொண்டு போறன்.”

நாளைக்கு வாறன் என்றேன். அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். மாசியில் உன் இதயம் நின்றுபோனது.

இன்று காலை மகனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு நீ போன அந்தச் சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண், “கோர்ட் அனுப்பியதா?” என்று கேட்டாள். ஓம் என்று சொல்ல ஆசையாக இருந்தது.

“இல்லை, என்ர கூட்டாளி.”

அவள் என் பின்னால் உன்னைத் தேடினாள். சட்டைப் பைக்குள் கைவிட்டு உன் குழாயைப் பிடித்துக்கொண்டேன். அவர் எனக்கு முதலே வந்தவர் என்றேன். அதைச் சொல்லும்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.