எண்பது புள்ளி நாலு

ஜனவரி 12

அன்புள்ள டேப்பக்காவுக்கு,

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வருகிறது, இனிமேல் எழுதியே தொலைப்போம் என்று நீதான் சொன்னாய். சரி, எழுதுகிறேன். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்தாயா? 82.1 கிலோ. எங்கள் பார்சல் ஆபீஸ் தராசு அடித்துக் கொடுத்தது. திங்கட்கிழமை காலையில், ஷட்டர் தூக்குவதற்கு முன்னால், மூட்டைகள் ஏறும் பலகையில் நான் ஏறி நிற்பேன். பக்கத்துக் கவுன்டரில் முத்திரை குத்தும் சீல்காரர் பொத்தானை அமுக்குவார். "மேடம், எந்த ஊருக்கு அனுப்பணும்? உடையிற பொருளா?" என்று கேட்கிறார். அந்த மனிதரை ஒரு நாள் அந்தத் தராசிலேயே வைத்துக் கட்டப் போகிறேன்.

முழங்கால் டாக்டர் சொன்னது இதுதான். "எண்பத்து நாலு கிலோவைப் புது மூட்டு எத்தனை நாள் தாங்கும்? எழுபத்து நாலுக்கு வாங்க, மறுநாளே ஆபரேஷனுக்குத் தேதி தரேன்." ஏப்ரலுக்குள் கால் சரியாகவில்லை என்றால் கவுன்டரில் நிற்க வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று மேனேஜரும் ஜாடையாகச் சொல்லிவிட்டார். அதனால் வாயைக் கட்டிவிட்டேன். காலையில் ஒரு முட்டை, மதியம் வேகவைத்த காய், ராத்திரிக்கு சூப். முதல் வாரமே இரண்டு கிலோ ஓடிவிட்டது!

நீ கேட்ட அளவு: மேல்கை பதினாலரை, மார்பு நாற்பத்திரண்டு, இடுப்பு நாற்பது. சிரித்தால் மூன்று மாடி இறங்கி, கடல் தாண்டி வந்து உதைப்பேன்.

உன் பூசணி


ஜனவரி 17

என் பூசணிக்கு,

சிரித்தேன். வந்து உதை. இறங்கவே முடியாத காலை வைத்துக்கொண்டு வாய் மட்டும் குறைவில்லை.

இரண்டு கிலோ என்றதும் என் தையல் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டேன். உனக்கென்று கரும்பச்சைத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். புது முழங்காலோடு நீ மாடியிறங்கி வரும் நாளில் போட ஒரு கவுன். மாதாமாதம் அளவு அனுப்பு. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், வீட்டில் எடுத்த அளவை நம்பித் துணியில் கத்தரி வைக்கிற ஆள் நான் இல்லை. முப்பது வருஷத்தில் ஒருத்தராவது வீட்டில் ஒழுங்காக அளந்து அனுப்பியிருக்கிறார்களா? ஒருத்தி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளப்பாள். ஒருத்தி ஸ்வெட்டருக்கு மேலே சுற்றுவாள். சீட்டைப் பார்த்ததுமே எந்த எண் தப்பு என்று எனக்குத் தெரிந்துவிடும். நானாகத் திருத்திக்கொண்டுதான் வெட்டுவேன். இதுவரை ஒரு உடுப்பு திரும்பி வந்ததில்லை, தெரிந்துகொள்.

ராத்திரி சூப்பில் வெண்ணெய் போடுகிறாயா? பொய் சொல்லாதே.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள டேப்பக்கா,

80.4. போன திங்கட்கிழமையும் 80.4. அதற்கு முந்தின திங்கட்கிழமையும் அதேதான். மூன்று ஸ்டிக்கரையும் வரிசையாக ஒட்டியிருக்கிறேன், நீயே பார். மூன்று வாரமாக அந்த எண் அசைந்து கொடுக்கவில்லை. வெண்ணெய் இல்லை அக்கா, சத்தியமாக இல்லை. முட்டையையே முழுதாகச் சாப்பிட முடியவில்லை. இரண்டு வாய் உள்ளே போனதும் கல்யாண விருந்து சாப்பிட்டது போல வயிறு நிறைந்துவிடுகிறது. வயிறு சுருங்கிவிட்டது, நல்லதுதானே? மோதிரம் கழன்று பாத்திரம் கழுவுகிற தொட்டியில் விழுந்தது. அப்படியானால் ஏதோ குறைகிறது. எது குறைகிறதோ அது தராசுக்குத் தெரியவில்லை!

பதினாறாம் தேதி டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார். பத்து கிலோ குறை என்றவரிடம் இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு போய் எப்படி முழிப்பேன்? "சாப்பாட்டைக் குறைச்சீங்களா?" என்று அந்தக் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். அந்தப் பார்வையை நினைத்தாலே பசி போய்விடுகிறது. ஒரு வழி சொல்.

உன் பூசணி


பிப்ரவரி 13

என் பூசணிக்கு,

இதற்கா இவ்வளவு ஒப்பாரி? ஆரம்பத்தில் சரசரவென்று இறங்கும், அப்புறம் ஒரு இடத்தில் வந்து நிற்கும். எல்லோருக்கும் இப்படித்தான் என்று எங்கள் தெரு மருந்துக்கடை அம்மா சொன்னாள். அவளே பதினைந்து கிலோ குறைத்தவள். "உடம்பு அடம் பிடிக்கும்க்கா, நாமளும் அடம் பிடிக்கணும்" என்றாள். நீ சின்ன வயதிலிருந்தே அடத்துக்குப் பேர் போனவள், உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? ராத்திரி சூப்பை நிறுத்து. வெந்நீர் குடித்துவிட்டுப் படு.

பதினாறாம் தேதி போகாதே. ஒரு மாதம் தள்ளி வாங்கிக்கொள். எண் இறங்கிய பிறகு தலை நிமிர்ந்து போகலாம். இப்போதே போய் எதற்கு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்? தராசை நினைத்து மண்டையை உடைத்துக்கொள்ளாமல் டேப்பை எடுத்து அள. தராசு ஏமாற்றும், டேப் ஏமாற்றாது.

அக்கா


பிப்ரவரி 23

அன்புள்ள அக்கா,

80.4.

நீ சொன்னபடியே டாக்டரை மார்ச் பதினெட்டுக்குத் தள்ளிவிட்டேன். போனை வைத்ததும் எவ்வளவு நிம்மதி, தெரியுமா? பரீட்சை ரத்தான பிள்ளை மாதிரி இருந்தது.

அளவு: மேல்கை பதின்மூன்று. மார்பு நாற்பதரை. இடுப்பு நாற்பத்தொன்றரை. இடுப்பை நாலு தடவை அளந்தேன். நாலு தடவையும் அதுதான்.

சீல்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "மேடம், உங்க முகம் வத்திப் போச்சு. இந்தத் தராசுதான் ஒத்துக்க மாட்டேங்குது" என்று சோதனைக்கு வைத்திருக்கும் இருபது கிலோ இரும்புக் கல்லைத் தூக்கி வைத்தார். இருபது என்று காட்டியது. நூறு கிராம் கூடப் பிசகவில்லை. அதற்கப்புறம் அவர் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் என்னவோ போல இருக்கிறது.

இன்னொரு கூத்து. பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். காலைப் பார்த்துத்தான் கொடுக்கிறாள் என்று உட்கார்ந்தேன். "எத்தனை மாசம்?" என்று கேட்டாள். நாற்பத்தெட்டு வயதில்! சிரித்துச் சமாளித்துவிட்டு, இரண்டு நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கி நடந்தேன். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, இப்போதெல்லாம் மூன்று தலையணை வைத்துக்கொள்கிறேன். வெந்நீர்தான் ஒத்துக்கொள்ளவில்லையோ?

பூசணி


மார்ச் 1

என் பூசணிக்கு,

பஸ் கதையைப் படித்து ஊசியில் விரலைக் குத்திக்கொண்டேன். அவளிடம் "பத்தாவது மாசம், வழி விடு" என்று சொல்லியிருக்க வேண்டாமா?

இப்போது உன் அளவுக்கு வருகிறேன். மேல்கையில் ஒன்றரை இறங்கியிருக்கிறது, மார்பிலும் ஒன்றரை. அப்படியிருக்க இடுப்பு மட்டும் ஏறுமா? எந்த உடம்பிலும் அப்படி நான் பார்த்ததில்லை. டேப் பின்பக்கம் முறுக்கிக்கொண்டு கிடந்திருக்கும். இல்லாவிட்டால் வெந்நீரை வயிறு முட்டக் குடித்துவிட்டு அளந்திருப்பாய். நாலு தடவையும் ஒரே தப்பைச் செய்தால் நாலு தடவையும் ஒரே எண்தான் வரும்! கை இறங்கிய கணக்குக்கு இடுப்பு முப்பத்தெட்டு இருக்க வேண்டும். முப்பத்தெட்டு என்று திருத்தி எழுதிக்கொண்டேன்.

எழுபத்து நாலு வரைக்கும் காத்திருக்கப் பொறுமையில்லை. பச்சைக் கவுனைத் தைத்தே முடித்துவிட்டேன். நாளைக்கு அனுப்புகிறேன். போட்டுக் கண்ணாடியில் பார். எவ்வளவு இளைத்திருக்கிறாய் என்று உனக்கே தெரியும். அப்புறம் அந்தத் தராசை நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய்.

அக்கா


மார்ச் 9

அக்கா,

80.6.

கவுன் வந்தது. சீல்காரரே பிரித்துக் கொடுத்தார். நிறம் அவ்வளவு அழகு. கழுத்தில் நீ வைத்திருக்கும் சின்ன மடிப்பை ஆபீஸில் எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். கோபப்படாமல் படி. தோள் இரண்டு பக்கமும் நழுவுகிறது. கைக்குள் இன்னொரு கை போகும். இடுப்பில் ஜிப் ஏறவே இல்லை. நாலு விரல் அகலத்துக்குத் திறந்தே நிற்கிறது. மூச்சை வெளியே விட்டுப் பார்த்தேன், படுத்துக்கொண்டும் பார்த்தேன்.

அப்புறம் அதைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் சும்மா நின்றேன். இத்தனை நாள் எண்ணைத்தான் பார்த்திருக்கிறேன், என்னைப் பார்க்கவில்லை. கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும். கையில் தோல் தொங்குகிறது. வயிறு மட்டும் வேறு யாருடையதோ போல முன்னால் நிற்கிறது. தொட்டால் இறுக்கமாக இருக்கிறது. இந்தப் பக்கம் தட்டினால் அந்தப் பக்கம் போய் இடிக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

மேல்கை பன்னிரண்டு. மார்பு முப்பத்தொன்பது. இடுப்பு நாற்பத்து மூன்று. டேப் முறுக்கவில்லை. கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பிடித்தேன். வெறும் வயிறு. இதைத் திருத்தாதே.

பதினெட்டாம் தேதி வருகிறது. எண் ஏறியிருக்கிறது. இன்னொரு தடவை தள்ளி வைக்கட்டுமா?

உன் தங்கை


மார்ச் 13

என் தங்கச்சிக்கு,

தள்ளி வைக்காதே. பதினெட்டு வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். இதைப் படித்த கையோடு போ. முழங்கால் டாக்டரிடம் வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றைக் காட்டு. எடையைப் பற்றிப் பேச்சே எடுக்காதே.

உன் மூன்று சீட்டையும் வெட்டுகிற மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கை பதினாலரை, பதின்மூன்று, பன்னிரண்டு. இடுப்பு நாற்பது, நாற்பத்தொன்றரை, நாற்பத்து மூன்று. தனித்தனியாகப் பார்த்தபோது தப்பாகத் தெரிந்தது. சேர்த்து வைத்தால் தப்பில்லை. இந்த மாதிரி எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று பழைய அளவு நோட்டை எடுத்தேன். எந்த உடம்பிலும் பார்த்ததில்லை என்று உனக்கு எழுதினேனே, பார்த்திருக்கிறேன். அம்மாவின் அளவு எழுதிய பக்கம். கடைசி வருஷம் அவளுடைய இரண்டு உடுப்பில் கையைப் பிடித்துச் சின்னதாக்கிக் கொடுத்திருக்கிறேன், இடுப்பைப் பிரித்து விட்டிருக்கிறேன். என் கையெழுத்தில்தான் இருக்கிறது. "வயசானா அப்படித்தான்டி" என்று அவள் சொன்னாள், நானும் அடுத்த துணியை எடுத்துவிட்டேன்.

நேற்றிலிருந்து உனக்குப் போன் அடிக்கிறேன். மணி போய்க்கொண்டே இருக்கிறது. எடு. சண்டை போட மாட்டேன், சத்தியம். இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் விலாசத்துக்கு அவசரத் தபாலில் அனுப்புகிறேன், சீல்காரர் கையிலாவது சிக்கட்டும். ஐயா, நீங்கள் பிரித்துப் படித்தாலும் பரவாயில்லை, அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் கைக்கு வர இன்னும் இரண்டு வாரம் ஆகுமாம். வந்த அன்றைக்கே கிளம்புகிறேன்.

எண்ணைத் திருத்தியது நான். டாக்டரிடம் போகாதே என்றதும் நான்.

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

73.1. இங்கே ஆஸ்பத்திரியில் ஸ்டிக்கர் அடித்துக் கொடுக்கிற தராசு இல்லை, அதனால் கையால் எழுதுகிறேன்.

நீ போன் அடித்தபோது போன் வீட்டில் கிடந்தது, நான் இங்கே கிடந்தேன். பதினொன்றாம் தேதி கவுன்டரில் நின்றபடியே மூச்சுத் திணறிக் கீழே உட்கார்ந்துவிட்டேன். சீல்காரர்தான் மூட்டை தள்ளுகிற வண்டியில் என்னை உட்கார வைத்து வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்தாராம். உன் கடிதம் வந்து சேர்வதற்குள் ஒரு வாரம் ஆகிவிட்டது. அவர் அதைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தார். கவுன் பார்சலில் இருந்த நம்பருக்கு அடித்து உனக்கு விவரம் சொல்லிவிட்டதாகவும், நீ அழுததாகவும் சொன்னார். போனை என்னிடம் நீட்டினார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். இதையெல்லாம் பேசினால் ஐந்து நிமிடம் கூடத் தாங்காது.

வயிற்றில் தண்ணீர். பக்கவாட்டில் குழாய் வைத்து இரண்டு நாளில் ஏழரை லிட்டர் எடுத்தார்கள். நான் முட்டையைப் பாதியாக்கி, சூப்பை நிறுத்தி, குறைத்ததையெல்லாம் அது ஒவ்வொரு வாரமும் நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறது. எதனால் தண்ணீர் கோத்தது என்று பார்க்கச் சதையில் ஒரு துண்டு எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அம்மாவுக்கு என்ன வந்தது என்று கேட்டார்கள். உன் கடிதத்தைக் காட்டினேன். டாக்டரம்மா சின்ன வயதுதான். அந்தப் பத்தியை இரண்டு தடவை படித்தார். "பிப்ரவரியிலேயே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எழுபத்து நாலுக்கும் கீழே வந்துவிட்டேன், பார்த்தாயா? முழங்கால் டாக்டருக்கும் இதே ஆஸ்பத்திரியில் மேல்மாடியில்தான் அறை. அவரைப் பற்றி இங்கே யாரும் பேச்செடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நேற்று நர்ஸைப் பிடித்து உன் பச்சைக் கவுனைப் போட்டுவிடச் சொன்னேன். ஜிப் சரசரவென்று மேலே ஏறிவிட்டது. இடுப்பு கச்சிதம். முப்பத்தெட்டு. "யார் தெச்சது? இவ்வளவு சரியா அளவெடுத்திருக்காங்க!" என்று நர்ஸ் ஆச்சரியப்பட்டாள். அக்கா என்றேன்.

பாஸ்போர்ட் கிடைத்ததும் வா. டேப்பைக் கொண்டு வா. இனிமேல் அளவு நீயே எடு, நான் அனுப்புவதாக இல்லை.

நான் டேப்பைச் சரியாகத்தான் பிடித்திருந்தேன் அக்கா. பிப்ரவரியிலும்.

உன் தங்கை