இடப்பக்கம் நிற்பவள்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நான் சுகம். நீயும் பாப்பாவும் நல்லா இருக்கீங்களா? உன் மூட்டுவலி எப்படி இருக்கு?

பயப்படாதே, போன கடிதத்தில எழுதினேனே, என் தலையில இருக்கிற கட்டி, அது புற்று இல்லையாம். கதிர்வீச்சு கொடுத்தா வளராமல் நிறுத்திடலாம், ஆனா இடப்பக்கப் பார்வை மங்கிப்போனாலும் போகலாம்னு டாக்டர் சொன்னார். "கொஞ்ச நாள் பொறுத்தும் பார்க்கலாம், முடிவு உங்க கையில" என்றார்.

ஒரு மாசமா நான் பிடிகொடுக்கலை. காரணத்தைச் சொல்றேன், சிரிக்காதே. ஓட்டல் சலவைக்கூடத்தில நான் படுக்கை விரிப்பு மடிக்கும்போது, இடப்பக்கம் நீ வந்து மறுமுனையைப் பிடிக்கிறே. எல்லாம் கட்டி காட்டுற மாயம்தான், தெரியும். இருந்தாலும் உங்களை விட்டு இங்க வேலைக்கு வந்து ஆறு வருஷம் கழிச்சுத் துணை கிடைச்ச மாதிரி இருந்தது. விரட்ட மனசு வரலை.

நேத்து மத்தியானம் முதல் தடவையா என் பக்கம் திரும்பினே. சேலை, வளையல் எல்லாம் உன்னுடையதுதான். முகம் மட்டும் இல்லை. அந்த இடம் வெறும் வெள்ளையா இருந்தது.

"யாரு நீ?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தான் மறந்துபோச்சே" என்று உன் குரல்லயே சொல்லுச்சு.

நேரா ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னும் மூணு வாரத்தில சிகிச்சை ஆரம்பம். அதுக்குள்ள உன் போட்டோ ஒண்ணு அனுப்பு. பழசு வேண்டாம். நேராப் பார்த்து, கிட்டக்க எடுத்ததா இருக்கட்டும்.

வேலைக்கு மணி அடிச்சாச்சு.

பாப்பா அப்பா