முந்நூறுக்குக் கீழே

ஜனவரி 11
அக்காவுக்குக் காய்ச்சல். அதனால் இந்த வருஷம் ஏரியில் ஊசிவால் வாத்துகளை நான் மட்டும் எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன்; இரண்டு குறைந்ததே தவிரக் கூடவில்லை. போன வருஷம் நானூறுக்கு மேல். வடக்கே ஏரிகள் இப்போது உறைவதில்லையாம், வாத்துகள் குளிர்காலத்திலும் அங்கேயே தங்கிவிடுகின்றன என்கிறார் எங்கள் பறவைக் கணக்கெடுப்புக் குழுத் தலைவர்.

முந்நூறுக்குக் கீழே போனால் ஏரிக்கு அரசு கொடுத்த பாதுகாப்பு போய்விடும். மேற்குக் கரையில் சாலை வரும். அந்தச் சாலை போடுகிற கம்பெனியில்தான் என் வீட்டுக்காரர் சர்வேயர்.

ஜனவரி 12
இவரிடம் எண்ணைச் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க இவர் படும் பாடு அடுக்களை வரை தெரிகிறது.

ஜனவரி 13
அக்காவிடம் போனில் சொன்னேன். "முந்நூத்திப் பத்துன்னு போட்டுடு. வாத்து வந்து சாட்சி சொல்லப் போகுதா?" என்றாள்.

முடியாது, இத்தனை வருஷம் நாம் எண்ணியதெல்லாம் அர்த்தமில்லாமல் போய்விடும் என்றேன்.

"குறைஞ்சா உன் வீட்டுக்காரருக்கு வேலை நிலைக்கும். அதையும் சேர்த்துச் சொல்லேன்."

போனை வைத்துவிட்டாள்.

ஜனவரி 14
சரியாகத்தான் எண்ணினேனா? நாணல் பக்கம் வெயிலில் கண் கூசியது. அங்கே ஒரு கூட்டம் ஒதுங்கியிருந்தால்? இவரு வேலையில்லாம வீட்ல உக்காந்திருந்த வருஷம் நான் பட்டது எனக்குத்தானே தெரியும். அந்தப் பயம்தான் என் கண்ணை மறைச்சுதோ— சே.

ஜனவரி 16
குழுத் தலைவரிடம் இவர் வேலையையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். என் எண்ணை ஒதுக்கிவிட்டு அக்காவையே எண்ணச் சொல்லுங்கள் என்றேன். அவள் கூட்டிச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டார். கடைசியில், அவளே எண்ணட்டும் என்றார்.

ஜனவரி 18
காலையில் அக்கா ஏரிக்குப் போயிருக்கிறாள். நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் எனக்குக் கை ஓடவில்லை. பல் பிடுங்க வந்தவரைத் தப்பான நாற்காலியில் உட்கார வைத்தேன்.

சாயங்காலம் நேரே வீட்டுக்கு வந்தாள். முழங்கால் வரை சேறு.

"நூத்தித் தொண்ணூத்தாறு," என்றாள். "கூட்டிப் போட்றதுன்னு முடிவு பண்ணித்தான்டி போனேன். எண்ண எண்ண மனசு வரல."

அழுதாள். இவர் உள்ளறையை விட்டு வெளியே வரவே இல்லை.

மார்ச் 3
பாதுகாப்பை நீக்கிவிட்டார்கள்.

ஏப்ரல் 7
மேற்குக் கரையில் இன்று மண் கொட்டுகிறார்கள். மிச்சக் கரையையாவது காப்பாற்ற மனு கொடுக்கலாம், சாயங்காலம் வா என்று அக்கா கூப்பிட்டிருக்கிறாள்.

இவர் கிளம்பும்போது வாசலில் நின்று, வேறு வேலை தேடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. 'போயிட்டு வாங்க' என்று மட்டும் சொல்ல வாய் வரவில்லை.