பன்னிரண்டு மணிச் சங்கு

பிப்ரவரி 4, ஞாயிறு

வெண்டல் வந்து போனான். இரண்டு மணி நாற்பது நிமிடம் இருந்தான். நான் கடிகாரம் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரர் ஆர்லின் பார்த்துவிட்டுச் சொன்னார்.

ஊருக்கு அவன் செனட்டர் ப்ரன்கார்ட். மேற்குக் கான்சஸில் பதினொரு கவுண்டிக்கு, அதாவது பதினொரு மாவட்டத்துக்கு, மாநில சட்டமன்றத்தில் அவன்தான் குரல். எனக்குத் தம்பி. எட்டு வயதுவரை மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தவன்.

காகிதப்படி அவன் குடியிருப்பது என் வீட்டில், அதாவது அப்பா எங்கள் இருவருக்கும் விட்டுப்போன இந்த வீட்டில். மாடியில் வடக்கு அறை. அங்கே ஒரு கட்டில், ஆணியில் ஒரு கோட்டு, குளியலறைக் கோப்பையில் ஒரு பல் பிரஷ். அந்தப் பிரஷில் படிகிற தூசியை மாதம் ஒரு தடவை நான் கழுவி வைக்கிறேன். அவன் உண்மையில் இருப்பது தலைநகருக்குப் பக்கத்தில், ஏரிக்கரை வீட்டில். இங்கிருந்து காரில் நாலரை மணி நேரம். மாதம் ஒரு ஞாயிறு பூசைக்கு வருவான், முன் வரிசையில் உட்காருவான், வாசலில் நின்று எல்லார் கையையும் குலுக்குவான், என் கையால் சாப்பிடுவான், போவான்.

சாப்பிடும்போது ஆர்லின் கேட்டார். "மாப்ளே, ஆஸ்பத்திரி மசோதா எப்ப ஓட்டுக்கு வருது?"

"மாசக் கடைசியில அத்தான்."

"சரின்னு போடுவியா?"

"அது அவ்வளவு லேசு இல்ல அத்தான். அரசாங்கம் ஒரு கையால குடுக்கும், இன்னொரு கையால கழுத்தப் பிடிக்கும். நம்ம ஜனங்க சுதந்திரமா வாழ்ந்து பழகினவங்க."

"சுதந்திரமா சாகவும் பழகிக்கிறோம்," என்றார் ஆர்லின்.

அவன் சிரித்தான். நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டான். மூன்று முறை ஆர்லினின் இதயம் நின்று போகப் பார்த்தது, மூன்று முறையும் நம்மூர் ஆஸ்பத்திரிதான் திருப்பிக் கொடுத்தது. பதினெட்டுக் கட்டில் உள்ள சின்ன ஆஸ்பத்திரி. ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டை விரிவாக்கும் இந்த மசோதா வந்தால் ஆஸ்பத்திரி நிலைக்கும், இல்லாவிட்டால் மூடும். அடுத்தது எழுபத்து நாலு மைல். இதெல்லாம் வெண்டலுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கோசும் கறியும் அடைத்த பன் நான்கை அலுமினியத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.

பிப்ரவரி 28, புதன்

மசோதா ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. அந்த ஓட்டு என் வீட்டு மாடியில் குடியிருக்கிறதாம்.

மார்ச் 9, சனி

ஆஸ்பத்திரி நிர்வாகம் அறிவித்துவிட்டது. அடுத்த வருடம் ஜூன் முப்பதோடு மூடுகிறார்கள், அதற்குள் சட்டம் மாறினால் ஒழிய. ஆர்லின் பேப்பரை மடித்து வைத்தார். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது, மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அவருக்குக் கடிகாரமே வேண்டாம், தீயணைப்பு நிலையத்துச் சங்கு போதும். ஒன்பது வருடம் முன்னால் சுழல்காற்று தானியக் கிடங்கின் கூரையைப் பிய்த்துப்போன பிறகு, அடுத்தது வந்தால் எச்சரிக்க வைத்த புதுச் சங்கு. வேலை செய்கிறதா என்று பார்க்க, ஞாயிறு தவிர தினமும் மதியம் ஒரு நீட்டு ஊதல். இப்போது ஊரே அதை வைத்துத்தான் சாப்பிடுகிறது.

இருபத்திரண்டு வருட அரசியல். என்ன செய்தான் என் தம்பி? உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். பேருந்தே இல்லாத பதினொரு கவுண்டியில் ஓட்டுநர் இல்லாத பேருந்தைத் தடை செய்யும் மசோதா கொண்டுவந்தான். ஒரு பாலத்துக்கு ஒரு ஜெனரலின் பெயர் வைத்தான், பாலம் அடுத்த வருடம் இடிந்தது. தேர்தலுக்குத் தேர்தல் புதுப் பூட்ஸ் வாங்கி அதைச் சரளைக் கல்லில் தேய்த்துப் பழசாக்குவான். என் வாசலில் வைத்துத்தான் தேய்ப்பான். பிரசுரத்தில் "மண்ணின் மகன்" என்று போடுவான். மண் பூட்ஸில்கூட ஒட்டுவதில்லை.

நானும் அந்தக் கட்சிதான், பிறந்ததிலிருந்து. அரசாங்கம் சின்னதாக இருக்கட்டும், வரி குறைவாக இருக்கட்டும், நம் காரியத்தை நாமே பார்ப்போம் என்று நம்புகிறவள்தான். அதனால்தான் இன்னும் எரிகிறது. நான் நம்புகிறதை எல்லாம் இவன் வாயிலிருந்து கேட்கும்போது, என் நல்ல தட்டில் வேறு யாரோ சாப்பிட்டுவிட்டு வைத்ததுபோல இருக்கிறது.

ஜூன் 6, வியாழன்

ஹெலன் ஸ்ட்ரெக்கர் புகார் கொடுத்துவிட்டாள். மாட்டு டாக்டர். எங்கள் கட்சிக்குள்ளேயே அவனை எதிர்த்து நிற்கிறாள். இங்கே ஆகஸ்டில் கட்சிக்குள் நடக்கும் ஓட்டில் ஜெயிப்பதுதான் தேர்தல், நவம்பர் பொதுத் தேர்தல் சும்மா சடங்கு. செனட்டர் தொகுதியில் வாழவில்லை, வேட்புமனு செல்லாது என்று எழுதியிருக்கிறாள். எங்கள் வீட்டு விலாசத்தைப் போட்டு.

வெண்டல் போனில் வந்தான்.

"அக்கா, ஒரு வாக்குமூலம் எழுதி நோட்டரிகிட்ட கையெழுத்துப் போட்டுரு. வெண்டல் இங்கதான் வசிக்கிறான்னு. அவ்வளவுதான்."

"வசிக்கிறியா?"

"சட்டத்துல வசிக்கிறதுன்னா என்னன்னு உனக்குத் தெரியாது. எங்க போனாலும் திரும்பி வர்ற எண்ணம் இருந்தாப் போதும். அதுதான் வசிப்பிடம்."

"உனக்கு இருக்கா?"

"என்னது?"

"எண்ணம்."

"நீ என் அக்காதானே?" என்றான். அக்காதான். அதுதானே தொல்லை. பைபிள் மேல் கை வைத்த மாதிரி ஒரு காகிதத்தில் பொய் எழுதச் சொல்கிறான், அதையும் நான் செய்து கொடுக்கும் தையல் வேலை மாதிரிக் கேட்கிறான். எழுதாவிட்டால் தம்பியை நானே காட்டிக் கொடுத்தவள். எழுதினால்? ஆர்லின் மார்பைப் பிடித்துக்கொண்டு எழுபத்து நாலு மைல் போகும்போது அந்தக் கையெழுத்தும் கூடவே வரும்.

ஜூன் 10, திங்கள்

எழுதினேன். ஒரே வரி. "என் தம்பிக்கு இந்த வீட்டில் ஒரு கட்டில் இருக்கிறது." பொய் இல்லை. நோட்டரி இரண்டு தடவை படித்துவிட்டு, "இவ்வளவுதானா அடீலாம்மா?" என்றாள். இவ்வளவுதான்.

சாயங்காலம் அவன் போன் செய்தான். தொலைக்காட்சிக்காரர்களை வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கிறானாம். சொந்த வீட்டில், சொந்த மேஜையில் உட்கார்ந்து பேசப்போகிறானாம். புதன்கிழமை பத்து மணிக்கு.

"பதினொன்றரைக்கு வரச் சொல்லு," என்றேன். "பட்டை போட்ட இனிப்பு ரோல் வேக நேரமாகும். சாப்பாட்டோட பிடிக்கட்டும், நல்லாருக்கும்."

"அக்கான்னா அக்காதான்," என்றான்.

ஜூன் 12, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

மிளகாய் போட்ட பீன்ஸ் கறி, பட்டை ரோல். மேஜையில் வெண்டல், எதிரே அந்தச் செய்திப் பெண், பக்கத்தில் காமிராக்காரன். ஆர்லின் ஓரத்தில், கையில் மாத்திரை டப்பா. வெண்டல் பிரமாதமாகப் பேசினான். மாடி அறையைக் காட்டினான், கோட்டைக் காட்டினான். "இந்த ஊர்ல பிறந்தவன், இந்த ஊர்லயே புதையப்போறவன். இந்த ஊரோட ஒவ்வொரு சத்தமும் எனக்கு அத்துப்படி," என்றான்.

அப்போது சங்கு ஊதியது.

அவன் முகம் வெளுத்துவிட்டது. நாற்காலி பின்னால் விழ எழுந்தான். "கீழ எறங்குங்க, எல்லாரும் நிலவறைக்கு, சுழல்காத்து வருது." செய்திப் பெண்ணின் கோப்பை கவிழ்ந்தது. நிலவறைக் கதவைத் திறந்து படியில் தடதடவென்று இறங்கிவிட்டான். ஜன்னலுக்கு வெளியே ஒரு இலைகூட அசையவில்லை. பக்கத்து வீட்டு லியோனா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆர்லின் மாத்திரையை வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். நிலவறைப் பக்கம் திரும்பி, "மாப்ளே, மணி பன்னிரண்டு. சாப்பிட வா," என்றார்.

காமிரா ஓடிக்கொண்டே இருந்தது.

வேண்டுமென்றேதான் பதினொன்றரை என்றேனா? ஆர்லின் கேட்கவில்லை, பார்த்தார். ரோல் வேக நேரமாகும் என்பதும் உண்மைதான். ஒன்பது வருடத்தில் ஞாயிறு அல்லாத ஒரே ஒரு மதியம் அவன் இந்த ஊரில் இருந்திருந்தால் நான் எத்தனை மணி சொன்னாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அதுவும் உண்மைதான்.

ராத்திரி செய்தியில் முழுசாகப் போட்டார்கள். ஒரு துண்டைத் தவிர. சங்கு ஊதினதும் அவன் முதலில் பிடித்தது என் கையை. "அக்கா, நீ முதல்ல எறங்கு" என்று இழுத்தான். நான்தான் கையை உருவிக்கொண்டேன். காமிரா அப்போது வேறு பக்கம் பார்த்திருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

புகாரைத் தள்ளிவிட்டார்கள். விசாரித்த மூன்று பேரும் அவன் சேக்காளிகள். "வேட்பாளருக்குக் கட்டில் இருப்பது சகோதரியின் வாக்குமூலத்தால் தெளிவாகிறது. திரும்பி வரும் எண்ணம் உள்ளது" என்று தீர்ப்பு.

என் ஒரு வரியை எடுத்து அவனுக்கு மெத்தை விரித்துவிட்டார்கள். பொய் சொல்லாமலே பொய்க்கு உதவ முடியும் என்று அறுபத்தொரு வயதில் கற்றுக்கொண்டேன். ச்சீ. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஜூலை 4, வியாழன்

சுதந்திர தின ஊர்வலம். வெண்டல் திறந்த வண்டியில் நின்றுகொண்டு மிட்டாய் எறிந்தபடி வந்தான். பூட்ஸ் இந்தத் தடவை தேய்க்காமலே பழசாகத்தான் இருந்தது, புதுசு வாங்க நேரம் இல்லைபோல.

வங்கி முனையில் யாரோ கையால் சுற்றி ஊதும் சின்னச் சங்கு ஒன்றைச் சுற்றினார்கள். அவ்வளவுதான். தெருவின் இரண்டு பக்கமும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், கிழவர்கள் உள்பட, தலையைக் குனிந்துகொண்டு நாற்காலிக்கு அடியில் புகுந்தார்கள். பங்குச் சாமியார் குடைக்கு அடியில். லியோனா தர்பூசணிக்குப் பின்னால். வெண்டல் கையசைத்துக்கொண்டே நின்றான், அசைப்பதற்கு எதிரே முகமே இல்லை.

சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை. அவனுக்காக அழுதிருக்க முடியாது.

ஆகஸ்ட் 7, புதன்

தோற்றான். நூற்றுக்கு இருபத்தெட்டு ஓட்டுத்தான். "உன் தம்பிக்குச் சங்கு ஊதிட்டாங்க அடீலா," என்று கடையில் லியோனா சொன்னாள். கடை முழுக்கச் சிரிப்பு. ஊரில் இனி யாராலும் அந்த வார்த்தையைச் சாதாரணமாகச் சொல்ல முடியாது.

நான் ஹெலனுக்குத்தான் போட்டேன். இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 17, ஞாயிறு

வெண்டல் வந்தான். பூசைக்கு வரவில்லை. மூன்று பெட்டியோடு வந்தான். அவன் பெண்டாட்டி மார்சி போகச் சொல்லிவிட்டாளாம். ஏரிக்கரை வீடு அவள் அப்பா பெயரில். செனட்டர் இல்லாத வெண்டலை வைத்துக்கொள்ள அவளுக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

வாசலிலேயே நின்றான். "அக்கா, அந்தக் கட்டில் இருக்குல்ல?"

"நோட்டரி முன்னால சத்தியம் பண்ணியிருக்கேன். இருக்கு," என்றேன்.

தூசி படிந்த அந்தப் பல் பிரஷைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வைத்தேன்.

நவம்பர் 18, திங்கள்

மதியம் சங்கு. தோள் குலுங்கியது அவனுக்கு. எழவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் ஆர்லின் கொட்டகையில் விழுந்தார். நான் கத்தின கத்தில் வெண்டல் காலில் செருப்பில்லாமல் பனியில் ஓடிவந்தான். அவரைத் தூக்கி வண்டியில் போட்டு அவனே ஓட்டினான். ஆஸ்பத்திரிக்கு நான்கு நிமிடம். டாக்டர் சொன்னார், இருபது நிமிடம் ஆகியிருந்தால் பேச ஒன்றும் இருந்திருக்காது.

தாழ்வாரத்தில் ஒரு ஓரமாக நின்றான், கால் நீலமாக. யாரோ நர்ஸ் அவனுக்கு ஆஸ்பத்திரிச் செருப்புக் கொடுத்தாள், காகிதச் செருப்பு. ரொம்ப நேரம் கழித்து, "நாலு நிமிஷம்தான் ஆச்சு அக்கா," என்றான்.

"ஆமா."

"எழுபத்து நாலு மைல்னா..."

"கணக்குப் போடாத. அப்பப் போட்டிருக்கணும்."

நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன்.

மார்ச் 20, வியாழன்

மசோதா நிறைவேறியது, ஒரே ஓட்டில். வெண்டல் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இருந்து ஹெலன் போட்ட ஓட்டு. இருபத்திரண்டு வருடத்தில் இந்தத் தொகுதிக்கு என் தம்பி செய்த ஒரே உபகாரம், அந்த நாற்காலியைக் காலி செய்தது. இதை அவனிடமே சொன்னேன். தட்டைத் துடைத்துக்கொண்டே, "சரிதான்," என்றான்.

ஏப்ரல் 2, புதன்

ஆர்லின் இன்று மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். உருளைக்கிழங்கு சூப். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. வெண்டல் நிமிரவில்லை. ஒரு கையால் சூப்பைக் கலக்கிக்கொண்டே, மறு கையால் மாத்திரை டப்பாவை எடுத்து ஆர்லின் பக்கம் நகர்த்தினான். பிறகு என்னிடம் உப்பு கேட்டான்.