பாதி மாத்திரை

இன்று காலை கடைக்கு வந்த சேலையின் சரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தது. அசல்தான். கை மட்டும் நிற்காமல் ஆடியது. உன் ஞாபகம் வந்துவிட்டது.

முப்பது வருஷம் ஒரே கடையில் சரிகை பார்த்தவர்கள் நாம். ஒரே வருஷத்தில் இரண்டு பேருக்கும் கைநடுக்கம். பார்க்கின்சன் நோய், இப்போதுதான் ஆரம்பம் என்றார் டாக்டரம்மா. இதயத்துக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்று இந்த நோயின் வேகத்தைக் குறைக்குமா என்று சோதிக்கிறார்கள், சேருகிறீர்களா என்று கேட்டார். பாதிப் பேருக்கு அசல், மீதிப் பேருக்கு அதே உருவில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாதாம்.

"நோவு கையில, மாத்திரை நெஞ்சுக்கா? இதுல இன்னாமோ இருக்குதுபா" என்றேன். நீ மாத்திரையைச் சுரண்டி, "சிகப்பு நூலக் காணமே" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் மாதம் உன் கால் வீங்கியது. அசல் மருந்துக்கு அப்படி ஆகலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போ எனக்கு மாவு! வயிறு எரிந்தது. பிள்ளையார்பாளையத்தில் உன்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன்.

மறுநாள் நீ பிளேடோடு வந்தாய். "உன்துல பாதி, என்துல பாதி. டெய்லி இப்படியே போட்டுக்கலாம். டாக்டரம்மாகிட்ட மூச்சு வுடாத." வாங்கிக்கொண்டேன். அப்போதும் சந்தேகம்தான். அசலை எவனாவது பங்கு போடுவானா? வேறு ஏதோ மாத்திரையை நறுக்கித் தருகிறானோ? நாக்கில் வைத்து ருசிகூடப் பார்த்தேன், பாவி.

ஐப்பசியில் காய்ச்சல் கண்டு நீ போய்விட்டாய். போன வாரம் சோதனை முடிந்து, யாருக்கு எது என்ற பட்டியலைப் பிரித்தார்கள். உனக்கு அசல், எனக்கு மாவு. ஆனால் அந்த மருந்து நோயின் வேகத்தைக் குறைக்கவில்லையாம்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்டீங்க இல்ல?" என்றார் டாக்டரம்மா. தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து புதுச் சந்தேகம். மருந்துதான் தோற்றதா, இல்லை, நம்மைப் போல நறுக்கித் தின்றவர்கள் தோற்கடித்தார்களா? ஊரார் சேலையில் போலிச் சரிகையைப் பிடித்த நாமே இதில் போலியைக் கலந்துவிட்டோமே.

இன்று மத்தியானம் டாக்டரம்மாவிடம் போய், பாதி பாதியாகத் தின்றதைச் சொல்லிவிட்டேன். "எங்க ரெண்டு பேரு பேரையும் அடிச்சிருங்கமா."

"ஏங்க இப்படிச் செஞ்சீங்க?" அவருக்கு நல்ல கோபம்.

"தான் மட்டும் கொணமாவ அவனுக்கு மனசு வரலமா" என்றேன்.

நீ தந்தது அசலின் பாதிதானா என்பதற்கு இப்போதும் சாட்சி கிடையாது. சுரண்டிப் பார்க்காமல் நான் இன்று நம்பும் ஒரே சரக்கு நீதான்.