கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா

பிப்ரவரி 20

இன்று பஸ் போர்டை நானே படித்தேன். வண்டி நிற்பதற்கு முன்னாலேயே படித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவரிடம் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி 21

நேற்று எழுதியதை இன்று எடுத்துப் பார்த்தேன். புரிகிறது. என் கையெழுத்து எனக்கே புரிகிறது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

பிப்ரவரி 26

ஆயுசு பூராவும் பெயிண்ட் அடித்தவன் நான். இப்போது நான் படிக்கப் போகும் மாலை வகுப்பு நடக்கிற பள்ளிக்கூடத்துச் சுவருக்கும் அடித்திருக்கிறேன். அதில் என்ன எழுதியிருந்தது என்றே தெரியாமல் இரண்டு இழுப்பில் மறைத்திருக்கிறேன். இப்போது எங்கே எழுத்தைக் கண்டாலும் கால் நின்றுவிடுகிறது. இன்று மருந்துக் கடையில் சோப்பு உறையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"பெரியவரே, வாங்கப் போறீங்களா இல்லையா?"

"இருப்பா, இன்னும் ரெண்டு வரி இருக்கு."

முன்பெல்லாம் மாத்திரை அட்டையை நீட்டினால் கடைக்காரர் காலைக்கு இது, ராத்திரிக்கு இது என்று சொல்லிவிட்டு, மகன் எப்படி இருக்கிறான் என்றும் கேட்பார். இப்போது நானே படித்துக்கொள்கிறேன். அவரும் கேட்பதில்லை. பஸ் ஸ்டாப்பிலும் அதேதான். எந்த வண்டி என்று கேட்டால், கூடவே நாலு வார்த்தை பேசுவார்கள்.

படிப்போடு சேர்ந்து இப்படி ஒன்றும் வரும் என்று டீச்சர் சொல்லவில்லை.

மார்ச் 9

மேல்வீட்டு மருமகள் படியில் எதிரே வந்தாள். "நல்லா இருக்கீங்களா மாமா?" "இருக்கேம்மா." அவ்வளவுதான்.

முன்பு கரண்ட் பில், மகன் அனுப்பும் மெசேஜ், எல்லாவற்றையும் அவளிடம்தான் தூக்கிக்கொண்டு போவேன். தலைமேல் ஏற்றி வைத்திருக்கும் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு படிப்பாள். டீ வரும். அவள் மாமியார் உள்ளேயிருந்தே குரல் கொடுப்பார்: "யாரு, பெயிண்டரா? பாத்ரூம் சுவரு உரியுது, எப்பத்தான் வந்து பாக்கப் போறாரு?"

வகுப்புக்குப் போவதை அவர்களிடம் சொல்லவில்லை. இந்த வயதில் சிலேட்டா என்று வெட்கம். எழுத்து பிடிபட்ட நாளிலிருந்து மேலே போகவுமில்லை. எதைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டுவது?

மார்ச் 24

பள்ளிக்கூடத்தில் அடுத்த மாதம் ஆண்டு விழா. ஓட்டத்தில் ஜெயித்த பிள்ளைகள், கணக்கில் முதலாக வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் பரிசு. இந்த வருஷம் எங்கள் மாலை வகுப்புக்கும் மேடை உண்டாம். ஆளுக்கு இரண்டு நாற்காலி, வீட்டு ஆட்களுக்கு. யாருடைய நாற்காலி என்று அவரவரே எழுதி ஒட்ட வேண்டும். என் பெயரை இரண்டு தடவை எழுதினேன். கோணல் இல்லை.

வகுப்பில் பக்கத்தில் உட்காரும் இஸ்திரிக்காரனுக்கு வீடு நிறைய ஆள். "அண்ணே, உங்க நாற்காலி ரெண்டும் சும்மாதானே கிடக்கும்? எனக்குக் குடுங்களேன்."

தப்பாக ஒன்றும் கேட்கவில்லை அவன். ஆனா எனக்கு சுருக்குனு ஆயிடுச்சு. "என் ஆளுங்க வர்றாங்கப்பா"ன்னு சொல்லிட்டேன்.

"யாருண்ணே?"

"வரும்போது பாரு."

எதுக்குச் சொன்னேன்? யாரு வரப்போறா?

மார்ச் 27

மகனுக்கு மெசேஜ் எழுதினேன். நானே, என் விரலால். விழாவுக்கு வா என்று. சாயங்காலம் பதில் வந்தது: "லீவு கிடைக்காதுப்பா. யாரு டைப் பண்ணிக் குடுத்தாங்க?"

நான்தான் என்று எழுதினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

ஏப்ரல் 2

இஸ்திரிக்காரன் மறுபடியும் கேட்டான். "ஒண்ணாவது குடுங்கண்ணே, மாமியாருக்கு." முடியாதுன்னுட்டேன். ஊமைக் கோட்டான் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

ஏப்ரல் 6

இன்று அழைப்பிதழை எடுத்துக்கொண்டு மேலே போனேன். கதவைத் திறந்தாள். நீட்டினேன்.

"கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா."

வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஆரம்பித்தாள். எங்கே, எத்தனை மணிக்கு, யார் தலைமை. அப்புறம், மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றுத் தேறியவர்கள் என்று போட்டு, பெயர்கள். என் பெயருக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"மாமா, இது நீங்கதானே?"

தரையைப் பார்த்தேன்.

"படிக்கக் கத்துக்கிட்டதுக்கு விழா எடுக்கிறாங்க. அந்த அழைப்பையே படிக்கத் தெரியாதுன்னு எங்கிட்ட கொண்டு வந்திருக்கீங்க."

"ரெண்டு நாற்காலி இருக்கும்மா" என்றேன்.

கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டாள். பிறகு, "இத்தனை மாசமா மேலே ஏறி வரலையே, அத்தை ஏதோ சொல்லிட்டாங்க, கோபமாக்கும்னு இருந்தேன்" என்றாள்.

உள்ளேயிருந்து, "நான் என்னடி சொன்னேன்? சுவரு உரியுதுன்னேன். உரியத்தானே செய்யுது?"

வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. "அத்தைக்கு முட்டிவலி. படி இறங்க முடியுமான்னு தெரியல. பாக்கலாம் மாமா."

ஏப்ரல் 11

ஓட்டக்காரப் பிள்ளைகள் பரிசு வாங்கி முடித்தார்கள். கணக்குப் பிள்ளைகளும் முடித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தெருவே கூடிக் கை தட்டியது. என் நாற்காலி இரண்டும் அப்படியே கிடந்தன. இஸ்திரிக்காரனின் மாமியார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது. சரி, அந்த அம்மா உட்காரட்டும் என்று எழுந்தேன்.

அப்போது வாசல் பக்கம் குரல் கேட்டது. "பெயிண்டரு எங்கடி? ஒரே கும்பலா இருக்கு."

மேல்வீட்டு அம்மா, மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வந்தார். நாற்காலியில் ஒட்டியிருந்ததை மருமகள் குனிந்து படித்தாள். பிறகுதான் உட்கார்ந்தாள்.

"இவங்கதானாண்ணே உங்க ஆளுங்க?" என்றான் இஸ்திரிக்காரன்.

"ஆமா."

மேடையோரத்தில் எனக்குப் போட்டிருந்த நாற்காலியை அவன் மாமியாருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு நான் நின்றுகொண்டேன். என் பெயரைக் கூப்பிட்டபோது மேல்வீட்டு அம்மாவுக்குக் காது கேட்கவில்லை போல. அடுத்து இஸ்திரிக்காரனைக் கூப்பிட்டதும்தான் பலமாகக் கை தட்டினார். பரவாயில்லை. மருமகள் சரியாகத் தட்டினாள்.

ஏப்ரல் 17

கால் தானாகவே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. கேட் பூட்டியிருந்தது. விடுமுறை என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். படித்தேன். திரும்பி வந்தேன்.

ஏப்ரல் 23

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். மேல்வீட்டு மருமகள். கையில் தண்ணீர் வரி நோட்டீஸ்.

"கண்ணாடியை எங்கே வெச்சேன்னே தெரியல மாமா. இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்."

கண்ணாடி அவள் தலைமேலேயே இருந்தது. உட்காரச் சொல்லி, டீக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்து, நிதானமாகப் படித்தேன்.

பின்பக்கத்திலும் எழுதியிருந்தது.