செவ்வாய்க்கிழமைக் கணக்கு வகுப்பு

பிப்ரவரி 4

அன்புள்ள கணக்கு அக்காவுக்கு,

மூன்று தெரு தள்ளி இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. வாசல்வரை வந்தால் எனக்குப் பேச்சு எழும்புவதில்லை. உங்கள் மகள் சிட்டு நம்மை விட்டுப்போய் இன்றோடு இருபத்தாறு நாள். சாப்பிடுகிறீர்களா? அத்தான் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாரா?

மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் உட்கார்ந்து பேசினோம். பள்ளிக்கு அனுப்பாமல் பிள்ளைகளுக்கு நாமே, நீங்கள் கணக்கு, நான் கதை என்று முறைவைத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்று நான்கு வருடம் முன்பு உங்கள் முன்னறையில்தானே தொடங்கினோம். இப்போதைக்கு வகுப்பைத் தச்சர் வீட்டுக்கு மாற்றியிருக்கிறோம். உங்கள் செவ்வாய்க்கிழமையை நர்ஸம்மா பார்த்துக்கொள்கிறார். கணக்கு அவருக்கு எட்டிக்காய். பிள்ளைகள்தான் அவருக்குச் சொல்லித்தருகிறார்கள்!

நீங்கள் நன்றாக ஓய்வெடுங்கள். அவசரமே இல்லை.

என்றும் உங்கள்
கதைக்காரி

பிப்ரவரி 7

அன்புள்ள கதைக்காரிக்கு,

ஓய்வெடு, ஓய்வெடு என்றே எல்லாரும் சொல்கிறீர்கள். எடுத்து என்ன செய்ய? காலையில் அவர் கிளம்பிய பிறகு வீடு வாயை மூடிக்கொண்டு கிடக்கிறது.

மாமியார் வந்திருந்தார். "பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தா டீச்சராவது பார்த்துச் சொல்லியிருப்பா, புள்ளைக்கு உடம்பு சுடுதுன்னு." டீச்சரும் நான்தானே. காய்ச்சல் தொடங்கிய அன்று மேஜையில் தலைசாய்த்தவளை, "தூங்குமூஞ்சி, நிமிர்ந்து உட்காரு" என்று அதட்டினேன். அவளும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் உன் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வருகிற செவ்வாய் என் முறை. பிள்ளைகளை அனுப்பு. ஆறு பேரும் பின்னக் கணக்கில் பாதிவழியில் நிற்கிறார்கள். மேஜையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன். கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்.

உன்
அக்கா

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தச்சர் வேண்டாம் என்றார். நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். நாளை பத்து மணிக்கு ஆறு பேரையும் நானே கூட்டிவருகிறேன். முகம் கழுவி, தலைவாரி இருங்கள்.

கதைக்காரி

பிப்ரவரி 11

அன்புள்ள கதைக்காரிக்கு,

நேற்று இரண்டு மணி நேரம் நான் மனுஷியாக இருந்தேன். நான் 'கால்' என்று சொன்னதும் தச்சர் மகன் 1/4 என்று எழுதாமல் 'கை' என்று எழுதிச் சிரிப்பு மூட்டினான். நானும் சிரித்தேன், பிறகுதான் திடுக்கென்றது.

உன் மகள் மட்டும் பென்சிலையே தொடவில்லை. "பசிக்குதாடா?" என்றேன். தலையாட்டினாள். பிஸ்கட் கொடுத்தால் கையிலேயே வைத்திருந்தாள்.

நீ அவ்வளவு நேரமும் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தாய். உள்ளே வந்திருக்கலாமே. அடுத்த செவ்வாய் நீயும் வந்து உட்கார்.

உன்
அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு செவ்வாய் நாங்கள் வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

அன்று உங்கள் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் மகள் கேட்டாள்: "பெரியம்மா என்னை சிட்டு சிட்டுன்னே கூப்பிட்டாங்கம்மா. நான் 'ம்'னு சொன்னேன். இனிமே எப்பவும் நான் 'ம்' சொல்லணுமா?"

அவளைக் கட்டிக்கொண்டேன். அதற்குப்பின் செவ்வாய் வந்தாலே வயிற்றுவலி என்று படுத்துவிடுகிறாள். மற்ற பிள்ளைகளும் மருள்கிறார்கள். பெரியவர்கள் நாங்கள் அதற்குமேல் மருள்கிறோம், அக்கா. யார் வீட்டில் யாருக்கு உடம்பு சுட்டாலும் புத்தகத்தை மூடிவிடுகிறோம். பாடம் நடந்து நாளாகிறது.

எல்லாரையும் பள்ளியில் சேர்ப்பதென்று முடிவெடுத்துவிட்டோம். உங்களைக் கேட்காமல் எடுத்த முடிவு. என்னை மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள்.

கதைக்காரி

மார்ச் 8

அன்புள்ள தங்கச்சிக்கு,

கோபமில்லை என்றால் பொய். இரண்டு நாள் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட்க ஆளில்லாமல் சுவரைப் பார்த்துத்தான்.

பிறகு உன் மகள் சொன்ன 'ம்' நினைவுக்கு வந்தது. அப்படிக் கூப்பிட்டது சத்தியமாக எனக்குத் தெரியாது. ஒன்பது வயதுப் பிள்ளை, பயத்தை விழுங்கிக்கொண்டு, எனக்காக என் மகளாக உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவளிடம் சொல், இனி 'ம்' சொல்ல வேண்டாம். சொன்னவரைக்கும் பெரியம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது என்று சொல்.

சேர்க்கும்போது இதுவரை என்ன படித்தார்கள் என்று பள்ளியில் கேட்பார்கள். ஆளுக்கொரு தாளாக ஆறு தாள் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உன் மகளுடையதில் இப்படி இருக்கிறது: 'பெருக்கல் தண்ணீர்பட்ட பாடு. வகுத்தலில் அவசரக்குடுக்கை. தப்பைத் தானே கண்டுபிடித்துவிடுவாள், அதட்ட வேண்டாம்.' கடைசி வரியைப் புது டீச்சரிடம் நீ வாய்விட்டும் சொல்லிவிடு.

மேஜையைத் தச்சர் எடுத்துப்போகட்டும். எனக்கு அது பெரிது.

இன்னொன்று. நேற்று மருந்துக்கடை வாசலில் என்னைப் பார்த்ததும் நீ சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டாய். உனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வர வேண்டாம். நின்று பேசவும் வேண்டாம். நான் வருகிற பக்கமாகவே நடந்து போ. அது போதும்.

உன்
அக்கா